செலவில்லாத தேகப் பயிற்சி

"கிராமத்தில் இருப்பவனுக்குத் தேகப் பயிற்சி எதற்கு? அது பட்டணத்தாரின் பொழுதுபோக்கு அன்றோ?" இந்தக் கேள்வியைக் கிராம சபையிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் நான் பன்முறை கேட்டிருக்கின்றேன். கேட்பவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர். காடு கழனியில் உழைத்து உரமேறிய உடம்பினர். அவரைப் பொறுத்தவரை கேள்வி நியாயமானதே. ஆனால் அவருடைய மகனுக்கும் மருமகளுக்கும் அது பொருந்துமா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

முன்னாளில் குடியானவர் ஒருவர் ஏருக்குப் பின்னால் நடந்தார், கமலை இறைத்தார், நெற்கட்டைத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்தார், சந்தைக்கும் நடந்தே போய் வந்தார். அவர் நடந்த தூரத்தை அளந்து பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் ஏற்பட்டதில்லை. இன்று டிராக்டர் உழுகின்றது. அறுவடை இயந்திரம் அறுத்து, அடித்து, தூற்றியும் தந்துவிடுகின்றது. அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள வயலுக்கு மோட்டார் சைக்கிளில் சென்று, பம்பு செட்டைப் போட்டுவிட்டுத் திரும்புவோர் பலர். கைப்பேசியிலிருந்தே பம்பு செட்டை இயக்கும் கருவி வந்த பின்னர், அந்தப் பயணமும் சிலருக்கு வேண்டாததாகிவிட்டது.

பெண்கள் நிலையும் இதுவே. உரலும் உலக்கையும், அம்மியும் ஆட்டுக்கல்லும் வீட்டு மூலைக்குப் போய்விட்டன. 2011 செப்டம்பரில் மாநில அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியது. அதன்பின் ஏழை வீட்டிலும் மாவரைக்கும் பாரம் நீங்கியது. இதனைக் குறை கூறுவோர் தாம் ஒருநாளும் ஆட்டுக்கல்லின்முன் அமர்ந்திராதவர் என்றே நான் நினைக்கின்றேன். அம்மியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று யோசனை சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. பாரம் நீங்கியது நன்றே. ஆனால் அத்துடன் உடலின் அசைவும் நீங்கியது. அதற்கு ஈடாக வேறொன்று வரவில்லை. பீடி சுற்றும் தாய்மார்கள் காலையில் முறத்தை மடியில் வைத்து அமர்ந்தால் பொழுது சாயும்வரை எழுவதில்லை. தையற்காரப் பெண்களின் இயந்திரத்துக்கும் மோட்டார் பொருத்தியாகிவிட்டது. காலால் மிதிக்கும் வேலையும் இல்லை. சோற்றின் அளவு மட்டும் அன்றுபோலவே இருக்கின்றது. தேநீர்க் கடையில் சேரும் சர்க்கரை அதற்கு மேல்.

இதன் விளைவு என்ன என்பதற்குக் கணக்கு இருக்கின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், எல்லா மாநிலங்களிலும் நகரம், கிராமம் ஆகிய இருவகை இடங்களிலும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு என்றும், 13 கோடியே 60 லட்சம் பேர் நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருக்கின்றனர் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, உடற்பருமன் ஆகியவை நகரங்களில்தான் கூடுதல். ஆனால் நீரிழிவுக்கு முந்திய நிலையில் நகரத்தின் பங்கு கிராமத்தைவிடக் கூடுதலாக இல்லை. அதாவது, நோயின் வாசற்படியில் நிற்போர் கூட்டம் கிராமத்திலும் அதே அளவுக்குத் திரண்டிருக்கின்றது. முப்பது வயதிலும் நாற்பது வயதிலும், பள்ளி செல்லும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஓய்வு என்பதை அறியாமல் ஓடிக்கொண்டிருக்கும் பெற்றோர்களே இக்கூட்டத்தில் பலர். வாசற்படியிலிருந்து திரும்பிவிட முடியும் என்பதே இதிலுள்ள ஆறுதல். அதற்கு உணவில் கட்டுப்பாடும் உடலுக்கு உழைப்பும் வேண்டும்.

டிரைவரும் கண்டக்டரும்

உடலசைவுக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் ஜெரி மாரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். அவர் ஆராய்ந்தது யாரை என்றால், லண்டன் நகரத்துப் பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும். ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியர்களின் உடல்நிலையைத் தொகுத்து, 1953-இல் அவர் தம் முடிவை வெளியிட்டார். இருவரும் ஒரே பஸ்ஸில் வேலை செய்பவர். ஏறத்தாழ ஒரே வகுப்பைச் சேர்ந்தவர். ஒரே ஊரில் வாழ்பவர். ஆயினும் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, இரண்டடுக்குப் பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. வந்தாலும் அதன் கடுமை குறைவாக இருந்தது. தபால்காரர்களுக்கும் அலுவலக எழுத்தர்களுக்கும் இடையே இதே வேற்றுமை காணப்பட்டது. டிரைவர்களுக்குத் தைத்த சீருடையின் இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது என்பதையும் சில ஆண்டுகளுக்குப் பின் மாரிஸ் எடுத்துக்காட்டினார்.

அந்தக் கண்டக்டர்கள் எவரும் தேகப் பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டிப் போனதற்காக இப்பலனைப் பெறவில்லை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. வேலையோடு வேலையாக உடல் அசைந்தது, அவ்வளவே.

எவ்வளவு உழைப்புப் போதும்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வயது வந்தவர்க்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தரமான உழைப்பு வேண்டும். கடுமையான உழைப்பாயின் அதில் பாதி போதும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலிமை தரும் பயிற்சியும் வேண்டும். நடுத்தரம் என்பதை அறிவதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அந்த வேகமே சரியான வேகம். ஒரே தொடராகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2020-இல் அது நீக்கப்பட்டது. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். நேரமில்லாத பெற்றோர்க்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லிவிட வேண்டும். இன்றும் செங்கற் சூளையிலும், கல் குவாரியிலும், நடவு வயலிலும் நாள் முழுவதும் கூலிக்கு உழைப்பவர்கள் உள்ளனர். அவர்களிடம் போய், மாலையில் அரைமணி நேரம் விரைந்து நடவுங்கள் என்று சொல்வது கேலியாகும். அவர்களுக்கு வேண்டியது ஓய்வும், வயிறார உணவும், முதுகை நிமிர்த்திக்கொள்ளச் சிறிது பொழுதுமே. எனினும் நடவும் களையெடுப்பும் ஆண்டில் சில வாரங்களே நடைபெறுகின்றன. எஞ்சிய மாதங்களில் வேலையின்றி வீட்டில் இருக்க நேருமானால், இங்கே கூறுவது அவர்களுக்கும் பொருந்தும்.

பள்ளிக்கூடத்து வழி

பெற்றோர்க்கு நேரமில்லை என்பது மெய். ஆதலின் பயிற்சிக்கென்று தனியாக நேரம் தேடாமல், பிள்ளைகளுக்காக எப்படியும் செலவாகும் நேரத்திலேயே அதனை அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதற்கு முதல் இடம் பள்ளிக்கூடத்து வழி.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளி குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்க வேண்டும். இந்த ஒரு கிலோமீட்டருக்கு இன்று பல தந்தையர் மோட்டார் சைக்கிளைக் கிளப்புகின்றனர். முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு குழந்தை, கழுத்தில் இரண்டு பைகள்! நடந்து சென்றால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். போகும்போது குழந்தையின் நடைக்கு ஏற்ப இருபது நிமிடம் ஆகும். திரும்பும்போது தனியே விரைந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். மாலையில் அழைத்துவரப் போகும்போதும் அதே பன்னிரண்டு நிமிட விரைவு நடை. குழந்தையோடு நடக்கும் மெல்லிய நடையை விட்டுவிட்டு, விரைவு நடையை மட்டும் எண்ணினாலும் நாளொன்றுக்கு 24 நிமிடம். ஐந்து நாளில் 120 நிமிடம். வாரத்துக்கு வேண்டிய 150-இல் எஞ்சியிருப்பது அரைமணி நேரமே. கணவனும் மனைவியும் காலை, மாலை என்று பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு மணி நேரம் தேறும். பெட்ரோல் மிச்சம். குழந்தையும் அன்று வகுப்பில் நடந்ததை வழியில் சொல்லும்; வண்டியின் இரைச்சலில் அதைச் சொல்ல முடிவதில்லை.

தொலைதூரப் பள்ளிக்கு வேனில் அனுப்புவோர், வேன் நிற்கும் இடத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி நடந்து போகலாம் என்று சிலர் யோசனை கூறுவர். காலை எட்டு மணிக்குச் சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு இது நடவாத காரியம். அவர்கள் வேன் புறப்பட்டபின் வீட்டுக்கு உடனே திரும்பாமல் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவதே நடைமுறைக்கு ஏற்றது.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் வழங்கிவருகின்றது. பிள்ளை கல்லூரிக்குப் போனபின் அந்தச் சைக்கிள் மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் துருப்பிடித்து நிற்பதைப் பல வீடுகளில் காணலாம். டியூபும் பிரேக் கட்டையும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் அது இன்னும் பத்தாண்டுக்கு ஓடும். ரேஷன் கடைக்கும், பால் கூட்டுறவுச் சங்கத்துக்கும், வயலுக்கும் தந்தை அதில் போய் வரலாம். தாயும் போய் வரலாம். "பெண்பிள்ளை சைக்கிளில் போவதா?" என்று கேட்போர் இன்னும் எங்கேனும் இருப்பின், அவர்கள் புதுக்கோட்டையின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளட்டும்.

புதுக்கோட்டை காட்டிய வழி

1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியை மேற்கொண்டபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதையும் அதன் ஓர் அங்கமாகச் சேர்த்தார். எழுத்தும் படிப்பும் கற்பிக்க ஊர் ஊராகச் செல்ல வேண்டிய பெண் தொண்டர்களுக்குப் பிறர் துணையின்றிப் போய்வர வழி வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். ஆனால் காரியம் அத்துடன் நிற்கவில்லை. கல் உடைக்கும் பெண்களும், விவசாயக் கூலிப் பெண்களும், அங்கன்வாடி ஊழியர்களும், கிராமச் செவிலியர்களும், ஆசிரியைகளும் சைக்கிள் பழகக் கூடினர். ஆண்களில் பலர் ஏளனம் செய்தனர். அதனைப் பெண்கள் பொருட்படுத்தவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினர் என்று இதனை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கின்றார்.

அக்காலத்தில் பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் கிடைக்காமற் போகவே, ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே பெண்கள் வாங்கினர். பின்னர் அதனையே விரும்பவும் தொடங்கினர். காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையேயுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதே. குழந்தையை முன்னால் அமர்த்தி, பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு மிதித்த தாய்மார்கள் தேகப் பயிற்சி என்ற சொல்லையே நினைத்திருக்கமாட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமாயிற்று. தந்தையையோ கணவனையோ எதிர்பார்க்க வேண்டிய நிலை மாறிற்று. உடல் உழைப்பு அதற்கு மேல் வந்த இலாபம்.

இன்று அதே மாவட்டத்திலும் பிற மாவட்டங்களிலும் பெண்கள் ஸ்கூட்டரில் செல்கின்றனர். வேலைக்கு விரையும் தாயிடம் ஸ்கூட்டரை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் ஊருக்குள் இருக்கும் வேலைகளுக்கேனும் சைக்கிளை எடுக்கலாம்.

வீட்டுக்குள்ளும் மந்தையிலும்

தசைகளுக்கு வலிமை தரும் பயிற்சியைப் பற்றிச் சில சொற்கள். இதற்கு இரும்புக் குண்டுகள் வேண்டும் என்று எண்ண வேண்டாம். பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் தொடைக்கும் இடுப்புக்கும் முதல்தரமான பயிற்சி. பிள்ளைகளுக்குத் தண்டனையாகக் கொடுப்பதைத் தாமே செய்து பார்க்கலாமே! சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, மார்பைச் சுவரருகே கொண்டுபோய் மீட்டால் அதுவே பழகாதவர்க்கு ஏற்ற தண்டால். திண்ணைப் படியில் ஏறி இறங்குவதும் நன்றே. குக்கர் மூன்று விசில் கொடுப்பதற்குள் இவற்றில் ஒன்றை முடித்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் முழுவதும் குந்தாமல், நாற்காலியில் அமர்ந்து எழுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்று அதே 2020-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகின்றது. கைப்பேசியை வைத்துவிட்டு விளையாடப் போ என்று அதட்டும் தந்தை, தாமும் ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருப்பதுண்டு. அவர் எழுந்து மந்தைக்குப் போய்க் கபடிக்கோ கிளித்தட்டுக்கோ ஓர் ஆள் குறையைத் தீர்த்து வைத்தால், பிள்ளைகளை அதட்ட வேண்டியிராது. அரைமணி நேரக் கிளித்தட்டு விரைவு நடையைவிடக் கடினமானது. தாய்மார்களுக்குக் கும்மியும் ஸ்கிப்பிங்கும் உண்டு. கயிற்றுக்குத் தனிச் செலவு இல்லை, கிணற்றுக் கயிற்றின் மிச்சம் போதும்.

பெண்கள் மாலையில் நடக்கத் தயங்குவதற்கு நேரமின்மை மட்டும் காரணம் அன்று. "வேலை வெட்டி இல்லாமல் உலாத்துகிறாள்" என்னும் பேச்சுக்கு அஞ்சுகின்றனர், இருட்டுக்கு அஞ்சுகின்றனர். முதல் அச்சத்துக்குக் கூட்டமே மருந்து. மகளிர் சுய உதவிக் குழு எப்படியும் குறித்த நாளில் கூடுகின்றது. கூட்டத்துக்கு முன் குழுவினர் அனைவரும் ஏரிக்கரை வரை நடந்து திரும்பி, அதன்பின் சந்தாப் புத்தகத்தைத் திறக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் பேசுகிறவர் வாய் தானே அடங்கும். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? கணவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல், தாய்மார்களுக்குத் தேகப் பயிற்சியை உபதேசிப்பதில் பயனில்லை.

நடைக்கு உகந்தது காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னுமான நேரம். சித்திரை, வைகாசியில் இதனைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். சாலையில் எதிர்வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்புறமாக நடக்க வேண்டும். எட்டு வடிவில் கோடு போட்டு நடப்பது இப்போது பரவியிருக்கின்றது; மாடியிலோ முற்றத்திலோ இடம் குறைவானவர்க்கு அது வசதியே, ஆனால் அந்த எட்டில் மந்திரம் ஏதுமில்லை. முக்கியமாக, நீரிழிவு உள்ளவர்கள் கூழாங்கல்லின்மேல் வெறுங்காலோடு நடப்பது ஆபத்து. அவர்களுக்குக் காலில் உணர்ச்சி மரத்திருக்கும். முள் தைத்தாலும் தெரியாது. அந்தப் புண்ணே காலைப் பறிக்கும் அளவுக்கு முற்றக்கூடும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சட்டைப்பையில் ஒரு மிட்டாய் வைத்திருப்பது நலம். நடக்கும்போது நெஞ்சை அடைப்பதுபோல் இருந்தால் உடனே நின்று, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மார்களும் மருத்துவர் தடை சொல்லாதவரை நடக்கலாம், நடப்பது நல்லது. முப்பது வயது கடந்தவர்கள் தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் பார்த்துக்கொள்வது நல்லது; கட்டணம் இல்லை.

இனி, இருட்டைப் பற்றி. இதில் தனி மனிதர் செய்யக்கூடியது குறைவு. ஊராட்சி செய்யக்கூடியது அதிகம். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, குடியிருப்புப் பகுதியிலுள்ள பொதுச் சாலைகளில் விளக்கிடுவது கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமை. குடியிருப்புக்கு வெளியே விளக்கிடுவது ஊராட்சியின் விருப்பத்தைச் சார்ந்தது. பெண்கள் நடக்க விரும்பும் பாதையோ பெரும்பாலும் கடைசி வீட்டுக்கு அப்பால்தான் தொடங்குகின்றது! ஆதலின் அங்கே விளக்கு வேண்டுமென்றால் கேட்டுத்தான் பெற வேண்டும். விளையாட்டுத் திடல், பூங்கா, தேகப் பயிற்சி நிலையம் ஆகியவற்றை அமைத்துப் பராமரிக்கவும் அதே சட்டம் ஊராட்சிக்கு அதிகாரம் அளிக்கின்றது. சில ஊர்களில் பூங்காவும் பயிற்சிக் கூடமும் முன்னமே கட்டப்பட்டிருக்கின்றன; பூட்டின் சாவி யாரிடம் இருக்கின்றது என்பதுதான் தெரிவதில்லை. அதையும் கேளுங்கள்.

முன்பு ஆண்டுக்கு நான்கு நாட்களில் கூடிய கிராம சபை, 2022 முதல் ஆறு நாட்களாக உயர்த்தப்பட்டது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரிக்கையைப் பொதுவாக "விளக்கு வசதி வேண்டும்" என்று எழுதாமல், எந்த இடம் முதல் எந்த இடம் வரை, எத்தனை கம்பம், ஏரிக்கரையில் எத்தனை மீட்டர் தூரம் சீமைக் கருவேலம் அகற்றப்பட வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதுவது பயன் தரும். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்பதைக் கூட்டம் கலையுமுன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் நகலை ஊராட்சிச் செயலரிடமிருந்து பெற்று, வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனுவுடன் சேர்த்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.